ஐந்தாவது விவரம்

சிறுநீரக ஒதுக்கீட்டு அலுவலகத்தில் ஜெசிந்தா புரோகிராமர். அங்கே ஒவ்வொரு நோயாளியும் ஒரு சின்னப் பட்டியல்: பெயர், வயது, ரத்த வகை, காத்திருக்கும் நாட்கள், உழைக்க மீதமிருக்கும் ஆண்டுகள். அப்படி நாலாயிரம் சின்னப் பட்டியல்கள் அடங்கிய பெரிய பட்டியலை, நான்காவது விவரத்தை வைத்துக் கணினி வரிசைப்படுத்தும். ஆறு வருடமாக டயாலிசிஸில் இருக்கும் அவள் கணவர் ஞானராஜ் அதில் மூன்றாவது.

"இனிமே காத்திருந்த நாள் கணக்கு வேண்டாம்மா. அஞ்சாவதை வச்சு அடுக்குங்க. மேலிடத்து உத்தரவு" என்றார் அதிகாரி.

"சார், என் வீட்டுக்காரர் மூணாவதா இருக்காரு."

"தெரியும்மா. நீங்க மாத்தலைன்னா பக்கத்து சீட்ல மாத்துவாங்க. உங்க வேலையும் போயிடும்."

வேலை போனால், அவள் சம்பளத்தில் நடக்கும் டயாலிசிஸும் நின்றுவிடும். ஜெசிந்தா புரோகிராமில் ஒரே ஒரு எண்ணை, நான்கை ஐந்தாக, மாற்றினாள். ஐம்பத்தாறு வயது ஞானராஜ் மூவாயிரமாவது இடத்துக்கும் கீழே போனார். எங்காவது பிழை இருக்காதா என்று மூன்று முறை சரிபார்த்தாள். இல்லை.

மாலையில் அவள் வீட்டுக்குள் நுழைந்ததுமே ஞானராஜ், பட்டியல் திறந்திருந்த போனை நீட்டினார்.

"என் பேரு எங்கியோ கீழ கெடக்கு. கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு போல. நீதான் அங்க இருக்கியே, நாளைக்குப் போய்ச் சரி பண்ணிரு."

"அது சரியாத்தாங்க இருக்கு" என்றாள் ஜெசிந்தா. "நான்தான் மாத்தினேன்."