ஆறாத செங்கல்

அன்று மாலை ஷிஃப்ட் முடிந்தபோது தொழிற்சாலை கேட்டில் நான்கு பேர் இருந்தார்கள். வாட்ச்மேன் லெஷெக். சூளையிலிருந்து வரும் கல்லை எண்ணும் யூரெக். கல் அடுக்கும் பிரோன்கா. வார்சாவிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத சூப்பர்வைசர் விட்டோல்ட்.

பிரோன்காவின் துணிப்பையில் ஒரு தீச்செங்கல் இருந்தது. இரும்பு உருக்கும் உலைக்குள் வைத்துக் கட்டுகிற கல்.

“தினமும் ஒண்ணு சார்,” என்றான் யூரெக். அந்தக் குளிரிலும் கழுத்தில் மப்ளர் இல்லை. கோட் காலரைத் தூக்கிவிட்டிருந்தான். “விட்டா, பனி உருகறதுக்குள்ள வீட்டுல ஒரு உலையே கட்டிடுவா.”

விட்டோல்ட் போர்டைப் பார்த்தார். கல் வெளியே போனால் வேலை போகும் என்று கேட்டிலேயே எழுதி மாட்டியிருந்தது. பிரோன்காவின் கணவன் தாதெக் கால் முறிந்து படுத்திருப்பது ஊருக்கே தெரியும். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

பைக்குள் கையை நுழைத்த விட்டோல்ட் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“என்னம்மா, இப்படிச் சுடுது?”

“சூளைக் கூரை மேல வெச்சிருந்தேன் சார். பகல் பூரா சூட்டைக் குடிக்கும். துணி சுத்திப் போர்வைக்குள்ள வெச்சா, விடியற வரைக்கும் அவருக்குக் கால் விறைக்காது. ரேஷன் கார்டுல குடுத்த கரி தீர்ந்துபோச்சு. காலையில திருப்பிக் கொண்டாந்துடறேன். ஒரே கல்தான் சார். மூலை உடைஞ்சிருக்கு பாருங்க.”

“கதை விடறா,” என்றான் யூரெக்.

“கதையில்ல சார்,” என்றார் லெஷெக். “காலையில கல்லோடதான் வருது.”

“சாயந்திரம் கல்லோட போறது உங்க கண்ணுல படலையா?” என்றார் விட்டோல்ட்.

“அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்துடும் சார்.”

விட்டோல்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் போர்டு அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. சற்று யோசித்தார்.

“யூரெக், கல்லை எப்ப எண்ணிக் கணக்குல சேர்ப்பே?”

“ஆறினப்புறம் சார். கை வைக்க முடியணும்.”

“இதுல வை.”

யூரெக் தொட்டான். விரலை உதறினான்.

“எண்ணலாமா?”

“முடியாது சார்.”

“கணக்குக்கே வராத கல்லு, எப்படிக் காணாமப் போகும்? நீங்க கிளம்புங்கம்மா, பஸ் போயிடப் போகுது.”

பிரோன்கா பையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஓடினாள். லெஷெக் தும்மினார்.

யூரெக் மட்டும் நகரவில்லை. “அதுக்கில்ல சார். நெருப்புவாய்க்கு நேர் மேலதான் கூரையிலேயே நல்ல சூடு. அந்த இடத்தை இவ ஒருத்தியே பிடிச்சு வெச்சுக்கலாமா?”

“அது உனக்கு எப்படித் தெரியும்?”

“பொதுவா சொன்னேன் சார்,” என்றவன் வெறுங்கையை வீசிக்கொண்டு அவசரமாக நடந்தான்.

எல்லோரும் போனபின் விட்டோல்ட் ஏணி வைத்துச் சூளைக் கூரைமேல் ஏறிப் பார்த்தார்.

நெருப்புவாய்க்கு மேல், பிரோன்காவின் இடம் காலியாக இருந்தது. தள்ளி, சூடு குறைந்த மூலையில், காலையில் யூரெக்கின் கழுத்தில் பார்த்த பழுப்பு மப்ளரில் சுற்றி, எடுத்துப் போகத் தயாராக, இன்னொரு கல் இருந்தது.