நாகஜோதியின் சுகர் நோட்டு

நான்காவது டப்பாவில்தான் கிளாராவுக்கு அதிரசம் அகப்பட்டது.

"இது என்னம்மா?" என்று டப்பாவை அய்யம்மாளின் முகத்துக்கு நேரே நீட்டினாள். செம்பட்டிக்குப் பக்கத்திலிருந்த அந்த வீட்டுக்கு அவள் கிராம நர்சாக ஒரு வருடமாக வந்துபோகிறாள். அடுப்படிக்குள் நுழைந்து சோதனை போட்டது இதுதான் முதல் தடவை.

"வளகாப்புக்கு வந்தவுக கொண்டாந்தது நர்ஸம்மா. நான்தான் ஒண்ணு ரெண்டு திங்கிறேன். மருமக கையால தொட்டிருந்தா என் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போகட்டும்."

கிளாரா நம்பவில்லை. மாமியார்களை அவளுக்குத் தெரியும். ஒரு துண்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்று ஊட்டிவிடுவார்கள். கேட்டால் சத்தியம் செய்வார்கள்.

நாகஜோதிக்கு எட்டாவது மாதம். கர்ப்பகாலச் சர்க்கரை என்று தெரிந்து ஆறு வாரமாகப் பத்தியம் இருக்கிறாள். அவள் புருஷன் முகேஷ்குமார், திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிப் போகிறவன், சர்க்கரை பார்க்கும் மெஷினை மறுநாளே வாங்கிவந்துவிட்டான். தினம் நான்கு வேளை பார்த்து, சிவப்புப் பேனாவால் கோடு போட்டு நோட்டில் எழுதினான். 88, 110, 106, 112. ஒரு நாள்கூட அளவு தாண்டியதில்லை.

அந்த நோட்டில் கிளாராவுக்கு அப்படி ஒரு பெருமை. கர்ப்பிணிகள் கூடும் செவ்வாய்க்கிழமைகளில் அதைத் தூக்கிக் காட்டி, "புருஷன்னா இப்படி இருக்கணும்" என்று ஊரிலுள்ள மற்ற புருஷன்மார் மானத்தையெல்லாம் வாங்குவாள். நோட்டே இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது வயிற்றைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு எதற்கு அலைய வேண்டும் என்று போன மாத ரத்தப் பரிசோதனையை வேண்டாமென்றதும் அவள்தான்.

நேற்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. எட்டாம் மாதத்திலேயே பிள்ளை ஒன்பது மாதப் பிள்ளையின் பருமன். பனிக்குட நீரும் அதிகம். "நோட்டு ஒண்ணு சொல்லுது, வயிறு வேற சொல்லுதே கிளாரா" என்று டாக்டரம்மா கேட்டபோது அவளுக்கு முகம் செத்துப்போய்விட்டது.

"பிள்ள கொழுகொழுன்னு இருந்தா நல்லதுதான நர்ஸம்மா?" என்றாள் அய்யம்மாள்.

"இது அப்படி இல்லம்மா. தாய் ரத்தத்துல ஏறுன சக்கர பிள்ளைக்கும் போய் அத ஊத வச்சிரும். பிரசவத்துல தல வந்துட்டு தோளு மாட்டிக்கிரும். பொறந்த கையோட பிள்ளைக்குச் சக்கர கொறஞ்சு வலிப்பு வரலாம். சிலதுக்கு வயித்துக்குள்ளயே துடிப்பு நின்னு போகுது. பெத்தவளுக்கும் பிரஷர் ஏறும்."

அய்யம்மாள் குலசாமியைக் கூப்பிட்டுக் கும்பிட்டாள்.

கிளாரா கூடத்துக்கு வந்து நாகஜோதியின் அருகில் உட்கார்ந்தாள். "நெசத்தச் சொல்லு ஜோதி. ஒளிச்சு எதுவும் தின்னியா?"

"இல்ல சிஸ்டர். காயி, பயறு, ரெண்டு சப்பாத்தி, அம்புட்டுத்தான். அவரும் எங்கூட அதத்தான் சாப்புடுறாரு."

"மெஷின்ல ஒழுங்காப் பாக்குறீங்களா?"

"அவரு ஒரு வேள தவறுனதில்ல. மார்க்கெட்டுக்குப் போற அவசரத்துலயும் குத்திப் பாத்துட்டுத்தான் கெளம்புவாரு."

கிளாரா பையிலிருந்து தன் மெஷினை எடுத்தாள். ஊசி விரலில் பட்டதுதான் தாமதம், நாகஜோதி "யாத்தே!" என்று அலறிக் கையை உதறினாள். ஆறு வாரமாகியும் இவ்வளவு பயமா என்று கிளாராவுக்குச் சிரிப்பு வந்தது. எண்ணைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

238.

அதே விரலிலிருந்து இன்னொரு சொட்டெடுத்து அவர்களுடைய மெஷினிலும் வைத்துப் பார்த்தாள். 241.

போனில் டாக்டரம்மா பதறவில்லை. "சிலருக்குப் பத்தியம் மட்டும் பத்தாது கிளாரா, யாரையும் திட்டாதீங்க. இன்னைக்கே கூட்டிட்டு வாங்க, இன்சுலின் ஆரம்பிச்சிருவோம். இன்னும் நேரம் இருக்கு, காப்பாத்திரலாம்."

கிளாரா அதிரச டப்பாவை மூடி அய்யம்மாளின் கையில் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அய்யம்மாள் அதை அப்படியே வைத்துவிட்டு, அழுதுகொண்டே மருமகளின் துணிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. மல்லிகை வாசத்தோடு உள்ளே வந்த முகேஷ்குமாரின் முன்னால் கிளாரா நோட்டை விரித்தாள்.

"மெஷின்ல கோளாறு இல்ல. இவ எதையும் ஒளிச்சுத் திங்கல. இப்பப் பாத்தா எரநூத்தி நாப்பது. காலையில தொண்ணூறுன்னு எழுதியிருக்கீங்க, நேத்து நூத்திப் பத்து. பொய்யா எழுதுனீங்களா தம்பி?"

"ஐயோ, பொய் எழுதுவேனா சிஸ்டர்? மெஷின் காட்டுனதத்தான் எழுதுனேன்."

"அது எப்படி?"

நாகஜோதி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு, பாராட்டுக்குக் காத்திருப்பவனைப்போல் வெட்கத்தோடு கிளாராவைப் பார்த்தான்.

"வயித்துப்பிள்ளக்காரிய தெனம் நாலு வேள குத்த மனசு வருமா சிஸ்டர்? என் வெரல்லதான் குத்திக்கிட்டேன்."