இமைப் பிசுக்கு

"எப்பிடி மதினி, திடீர்னு?"

கேட்டுவிட்டுக் கோமதிநாயகம் அலமாரியைப் பார்த்தார்.

அவள் சொல்லத் தொடங்கியிருந்தாள். அன்றைக்குக் காலையில் வீட்டுக்காரர் பல் தேய்க்கப் போனது. குளியலறையில் குழாய்ச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. இவள் கதவைத் தட்டியது.

"ம்" என்றார் கோமதிநாயகம். கண் அலமாரியிலேயே இருந்தது.

அவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

அவர் இன்னொரு முறை "ம்" என்றார்.

நேற்றுத்தான் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்திருந்தார்கள். வீட்டுக்காரரின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கோமதிநாயகமும் வீட்டுக்காரரும் ஒரே நட்சத்திரக் கூட்டம். அமாவாசைதோறும் மொட்டைமாடியில் டெலஸ்கோப்பை நிறுத்தி, ஆளுக்கொரு தரம் சனியின் வளையத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்கள். "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று இவர் குழைந்ததெல்லாம் அவள் போட்டுக் கொடுத்த சுக்குக் காப்பியைக் குடித்துக்கொண்டுதான்.

"அந்தப் பெட்டி, மதினி. சும்மா ஒருக்கா பாத்துக்கிடலாமா?"

பதில் வருவதற்குள் எழுந்துவிட்டார்.

மரப்பெட்டி. உள்ளே ஸ்பாஞ்சில் குழி வெட்டி ஐபீஸ்களை உட்கார்த்தியிருந்தது. டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்கிற குட்டிக் குழல்கள். கோமதிநாயகத்தின் விரல் மற்றவற்றைத் தாண்டிப் பெரியதில் போய் நின்றது. கடையில் மாம்பழத்தை அமுக்கிப் பார்க்கிற விரல்.

"இத அண்ணாச்சி எனக்குத் தாறேன்னு சொல்லியிருந்தாவ."

சொல்லியிருக்க மாட்டார். அதை அவளைக்கூடத் தொட விட்டதில்லை.

அவளுக்கு வேண்டியது ஐபீஸ் அல்ல. அதன் கண்ணாடியில் இருந்த பிசுக்கு.

வீட்டுக்காரருக்கு நீள இமை. பார்க்கும்போதெல்லாம் கண்ணாடியில் உரசும். எண்ணெய் மெல்லிய பிறையாகப் படியும். மறுநாள் துடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. கடைசி இரவின் பிசுக்கைத் துடைக்க அவர் இல்லை.

வீடு முழுக்க அழுதுகொண்டிருந்தபோது அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். இமை முடிகளின் தடம்கூடத் தெரிந்தது. மூடி போட்டுப் பத்திரமாக வைத்தாள்.

கோமதிநாயகம் அந்த மூடியைத் திறந்தார்.

"ச்சே. என்ன மதினி, ஒரே எண்ணெயா கெடக்கு? பழைய சாமான் இப்பிடி இருந்தா எவனும் பாதி வெலகூடத் தர மாட்டான்."

"அங்கயே வையுங்க."

அதற்குள் வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதிவிட்டார். மத்தியானம் தின்ற வெங்காயம் அவள் வரைக்கும் வந்தது. பெட்டியிலிருந்த மஞ்சள் துணியை எடுத்து ஒரு சுழற்று. இன்னொரு சுழற்று.

"இப்பப் பாருங்க. புதுசு கணக்கா."

பார்த்தாள்.

சுத்தமாக இருந்தது.

பெட்டியை மூடினாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க."

"இல்ல, வெல..."

"போங்கன்னு சொன்னேன்லா."

அவர் நீட்டிய நோட்டுகளை அவள் வாங்கவில்லை. அவற்றை விளக்குத் தட்டுக்கு அடியில் செருகினார். சுடர் ஆடியது. துணியைக் கீழே போட்டுவிட்டு, ஐபீஸைத் தன் கைக்குட்டையில் பிள்ளையைச் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொண்டார்.

செருப்பு மாட்டும்போது முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"டெலஸ்கோப்ப வேற யாருக்கும் தாறேன்னு சொல்லிராதிய. அப்போ போயிட்டு வாறேன், மதினி."

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அதிலும், வருகிறேன் என்று சொல்லவே கூடாது. ஊரில் எவ்வளவு போக்கிரியும் அந்தப் படியில் மட்டும் வாயை மூடிக்கொண்டு இறங்குவான்.

சொன்னது அவருக்கு உறைக்கவே இல்லை. கேட்டைக்கூடச் சாத்தாமல் போனார்.

'த்தூ' என்று வாய் வரை வந்தது.

அங்கேயே நின்றது.

இந்தக் கூடத்தில் அவள் இதே 'போயிட்டு வாறேன்' கதையைக் கேட்டிருக்கிறாள். கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

முன்பொரு நாள் கோவில்பட்டியில் யாரோ ஒரு வாத்தியார் இறந்துபோனார். அவரும் நட்சத்திரக் கூட்டம்தான். துக்கம் கேட்கப் போன வீட்டுக்காரர் சாயங்காலம் இதே ஐபீஸோடு திரும்பி வந்தார். குளிக்கக்கூட இல்லை.

"சல்லிசா முடிஞ்சுது, கேட்டியா. அந்தம்மாவுக்கு ஒரு எழவும் தெரியல. சந்தோசத்துல வாய் தவறி 'போயிட்டு வாறேம்மா'ன்னுட்டேன். ஒரு பார்வை பாத்தா பாரு."

"நல்ல ஆளுதான் போங்க. மொதல்ல குளிங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவர் குளிக்கப் போகவில்லை. ஐபீஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து முகம் சுளித்தார். 'ஹா' என்று ஊதினார். துடைப்பதற்கு அவள்தான் புது மஞ்சள் துணி ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள்.

அவள் குனிந்து அதே துணியை எடுத்தாள். ஜன்னலில் விரித்துப் பிடித்தாள்.

துணி முழுக்கப் பிசுக்கு. ஒன்றின் மேல் ஒன்றாக.

வீட்டுக்காரருடையது எது என்று தேடினாள்.

துணியில் முதன்முதலாகப் பட்டது அவருடையது இல்லை, அந்த வாத்தியாருடையது.

குளியலறைக்குக் கொண்டுபோய் வாளியில் போட்டாள். குழாயில் கை வைத்தாள்.

திறக்கவில்லை.