பதினேழாம் எண் வீட்டு விதவை

"டேய் தனாசி, மெதுவாப் பேசுடா. ஆளு முன் அறையிலதான் உட்கார்ந்திருக்காரு. ஐடா ஹோஸ்கிங்கோட மகனாம்!"

நோரீன் டக்கன் சமையலறைக் கதவைப் பாதி சாத்தினாள். எதிர்வீட்டுத் தனாசிஸுக்கு ஐம்பத்துமூன்று வயது, தலையில் முடி இல்லை. ஆனால் எழுபத்திரண்டு வயது நோரீனுக்கு அவன் இன்னும் 'டேய்'தான்.

"நல்லதாப் போச்சே ஆன்ட்டி! புத்தகம் முடிஞ்சிடும்."

"முடியும்டா. அந்த மனுஷன் மூஞ்சியைப் பார்த்து என்னத்தைச் சொல்றது?"

மெல்பர்ன் நகரின் ஃபிட்ஸ்ராயில், டோரன் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் இருபத்துநான்கு. எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எப்போது வந்தார்கள், எங்கே போனார்கள் என்று நோரீன் ஒன்பது வருடமாக எழுதிக்கொண்டிருந்தாள். செருப்புத் தைத்தவர், குதிரைவண்டிக்காரர், சூதாடி ஓடிப்போனவர் என்று எல்லோரும் அகப்பட்டுவிட்டார்கள். பதினேழாம் எண் மட்டும் பிடிபடவில்லை. 1966இல் ஓர் அரசு அதிகாரி எடுத்த கணக்கில் ஒரே ஒரு வரி: 'ஐடா ஹோஸ்கிங், விதவை, வயது 58, தனியாக வசிக்கிறார்.' வாக்காளர் பட்டியலிலும் இல்லை, மாதா கோயில் பதிவேட்டிலும் இல்லை. கடைசியில் உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாள். அதைப் பார்த்துத்தான் இந்த மெர்வின் வந்திருந்தார்.

அவளை அரித்தது வேறு விஷயம்.

"அறுபத்துமூணுல இருந்து நான் பத்தொன்பதாம் நம்பர்ல இருக்கேன். நடுவுல ஒரே சுவர்தான். அந்த ஐடா முகமே எனக்கு ஞாபகம் இல்லையேடா! அந்தக் கதவு திறந்து நான் பார்த்ததே இல்லை. பாவம், உள்ளேயே முடங்கிக் கிடந்திருக்கா. ஒருநாள் ஒரு கப் டீ கொண்டுபோய்க் கொடுத்தேனா?"

"எனக்கு அப்பப் பத்து வயசு. பந்து அந்தக் கொல்லையில விழுந்தா சுவரேறிக் குதிச்சு எடுப்பேன். யாரும் திட்டினதே இல்லை."

"அதையே சொல்லு. சின்னப் பசங்களைத் திட்டாத பொம்பளைன்னு சொல்லு. பெத்த பிள்ளைகிட்டப் போய், உங்கம்மாவை இங்கே யாருக்கும் தெரியாதுன்னு சொல்ல முடியுமா?"

டீயுடன் இருவரும் முன் அறைக்குப் போனார்கள். மெர்வின் தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, நேராக உட்கார்ந்திருந்தார்.

"உங்கம்மா தங்கமானவங்க," என்றாள் நோரீன். "அதிர்ந்து பேச மாட்டாங்க."

"என் பந்தை எடுத்துக் கொடுத்து, கையில பிஸ்கட்டும் வெப்பாங்க," என்றான் தனாசிஸ் உற்சாகமாக. "அவங்களே சுட்டது!"

நோரீன் அவன் காலை மிதித்தாள்.

"பிஸ்கட்டா? எங்கம்மாவா?" மெர்வின் சிரித்தார். "அவங்க சுட்டா ஆணி அடிக்கத்தான் உதவும்."

"ஆமா... கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கும்," என்று தனாசிஸ் டீயில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மெர்வின் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். "எல்லா வீடும் அப்படியே இருக்கே!"

"தப்பிச்சது பெரிய கதை. அடுத்த தெருவெல்லாம் சேரின்னு சொல்லி இடிச்சு, இருபது மாடி கட்டிட்டாங்க. எங்களுக்கும் ஒரு ஆபீசர் வந்தான். என் மூத்தவளை இடுப்புல வெச்சுக்கிட்டு, நாங்க எங்கே போவோம்னு வாசல்ல நின்னு அழுதேன். அந்தப் பாவி நிமிர்ந்துகூடப் பார்க்கலை. குனிஞ்ச தலை நிமிராம எழுதிக்கிட்டே போனான். ஆனா இடிக்கிற பட்டியல் வந்தப்ப எங்க தெரு பேரு அதுல இல்லை. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது."

மெர்வின் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்து நீட்டினார். ஒல்லியான பெண், கண் கூசச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா. புத்தகத்துல போட்டுக்கோங்க."

நோரீன் படத்தைக் கையில் வாங்கினாள். அந்த முகத்தைப் பார்த்தபடி அதற்கு மேல் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க மெர்வின். நாங்க சொன்னது எல்லாம் பொய். உங்கம்மாவை எனக்கு ஞாபகமே இல்லை. பக்கத்துலேயே இருந்துக்கிட்டு, தனியா இருந்த மனுஷியை எட்டிக்கூடப் பார்க்காம இருந்திருக்கேன்." கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

மெர்வின் பதறி எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதீங்க நோரீன். எங்கம்மா பென்டிகோ ஊரை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கினதில்லை. அன்னிக்கு உங்க வாசல்ல குனிஞ்சு எழுதின ஆபீசர் நான்தான். ஒரு வீடு பாழாக் கிடந்தாலும் வரிசையையே இடிக்கணும்னு உத்தரவு, அதனால காலியாக் கிடந்த பதினேழுல எங்கம்மாவைக் குடி வெச்சுட்டேன்."