அதே பன்னிரண்டு பாட்டு

"மூண்டு வருஷமா ஒரே லிஸ்ற். வாய் திறந்து கேக்க இஞ்சை ஒருத்தருக்கும் துணிவில்லையோ?"

யதுர்ஷா பொரிந்து தள்ளினாள். பாடகர் குழுவில் யாரும் நிமிரவில்லை. கீபோர்ட் வாசிக்கும் றெஜினோல்ட், தூசியே இல்லாத கட்டைகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

குழுவை நடத்தும் கொன்ஸ்ரன்ரைன் மாஸ்ரர் அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, வரும் ஆண்டுக்கான பாடல் பட்டியலைப் பலகையில் குத்திக்கொண்டிருந்தார். திருவருகைக்காலம், நத்தார், தவக்காலம், உயிர்த்த ஞாயிறு என்று காலம்தான் மாறியது. பாட்டு என்னவோ அதே பழைய பன்னிரண்டுதான். பக்கத்திலேயே போன மூன்று ஆண்டுப் பட்டியல்களும் கழற்றப்படாமல் தொங்கின.

யதுர்ஷா வடக்கு நோர்வேயின் ஹம்மர்பெஸ்டிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்து இரண்டு மாதம். மீன் ஆலை வேலை முடிந்து வந்து அப்பா எழுதிய உயிர்ப்புப் பாட்டு அவள் கையில் இருந்தது. போன பங்குனியில் அவர் இறந்துபோனார். அதை ஒரே ஒரு தடவை கோயிலில் பாடக் கேட்டால் போதும் அவளுக்கு.

தாளைப் பார்த்தபடியே மாஸ்ரருக்குப் பின்னால் போய் நின்றாள். "மாஸ்ரர், உயிர்த்த ஞாயிறுக்கு என்ரை அப்பான்ரை பாட்டைப் பாடலாமோ?"

மாஸ்ரர் அடுத்த ஊசியை எடுத்தார். ஒரு 'ம்' கூட இல்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குழுவின் மூத்த பாடகி கரோலினா அவளைக் கையில் பிடித்து இழுத்தாள். "அவரோட மல்லுக்கு நிக்காதை பிள்ளை. போன வருஷம் அபிலாஷ் எண்டொரு பொடியனும் இப்பிடித்தான் புதுப்பாட்டுக் கேட்டவன். இப்ப அவன் வாறேல்லை."

"மாஸ்ரர் கலைச்சவரோ?"

"இல்லை. நாங்கள்தான்."

யதுர்ஷா கையை உருவிக்கொண்டாள். இத்தனைக்கும் மாஸ்ரர் யாரையும் ஒரு சத்தம் போட்டதில்லை, யார் பாடியதிலும் ஒரு பிழை சொன்னதில்லை. ஆனால் அவரிடம் பேச வேண்டுமென்றால் எல்லோரும் ராசாவுக்கு முன்னால் நிற்பதுபோல் நேருக்கு நேர் போய் நின்றுதான் பேசுவார்கள். அப்படி என்ன பயம்?

"பயப்பிடுறவை பயப்பிடுங்கோ. நான் பாதருக்கு மெசேஜ் போட்டிட்டன். தானே வந்து கேக்கிறாராம்."

றெஜினோல்ட் எழுந்தே விட்டார். "ஐயோ, என்ன வேலை பாத்தனீர்! உடனை வரவேண்டாமெண்டு சொல்லும்!"

சொல்ல நேரமில்லை. கதவு திறந்தது. பனிக்காற்றோடு பாதர் உள்ளே வந்தார்.

"கொன்ஸ்ரன்ரைன், இந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்லுறீர்?"

மாஸ்ரர் திரும்பவில்லை. பாதருக்கே இந்தக் கதியா என்று யதுர்ஷா வாயைப் பிளந்தாள்.

"கொன்ஸ்ரன்ரைன்!"

இந்தத் தடவை மண்டபமே அதிர்ந்தது. மாஸ்ரர் பட்டியலின் முதல் பாட்டில் விரலை வைத்து, மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு.

பாதர் அப்படியே நின்றுவிட்டார். யதுர்ஷா அப்பாவின் தாளை மெல்ல மடித்தாள்.

மாஸ்ரரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே, குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல் கரோலினா சொன்னாள்:

"மூண்டு வருஷமா அவருக்குக் கேக்கிறது மனசுக்குள்ளை இருக்கிற இந்தப் பன்னிரண்டு பாட்டு மட்டும்தான், பிள்ளை."