இன்னும் சூடு அடங்கலை

லாயத்துக்குப் பின்னால் குதிரைக்காரர் மக்கப் போட்டிருந்த குதிரை லத்திக் குவியலுக்குத் தண்ணீர் தெளித்துக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, எரு ரெடியா?" காலிச் சாக்கோடு வந்து நின்றாள் நர்சரிக்காரி.

"இன்னும் சூடு அடங்கலைம்மா."

"மூணு மாசமா இதையேதான் சொல்றீங்க." அவள் குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். கறுகறுவென்று உதிர்ந்த எருவில் மண்புழுக்கள் நெளிந்தன. ஒரு வண்டு அவசரமாக விரலிடுக்கில் புகுந்தது. "சூட்டுல மண்புழு தங்குமா? என் காதுலயே பூ சுத்துறீங்களே! வேற யாருக்கோ பேசி வெச்சிட்டீங்க, அதானே?"

"யாருக்கும் இல்லம்மா."

"அப்ப இதைக் குடுத்துட்டுப் புதுசா ஒரு குவியல் போடுங்களேன்."

அவர் மறுபடி தண்ணீர் தெளித்துக் கிளறினார். கடுப்பில் அவள் லாயத்துக்குள் எட்டிப் பார்த்தாள். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. விரித்த வைக்கோல் மிதிபடாமல் அப்படியே கிடந்தது.

"குதிரை எங்கண்ணே?"

"செத்து நாலு மாசமாச்சும்மா. தண்ணி மட்டும் தினம் ரொப்பிடறேன். கை பழகிடுச்சு."

அவள் கையிலிருந்த எருவை, புழு நசுங்காமல், குவியலிலேயே வைத்து மூடினாள்.

"ஆமாண்ணே, இன்னும் சூடாத்தான் இருக்கு. அடுத்த மாசம் வந்து பாக்கறேன்."