‘இறந்தார்’னு போடலாமா?

“இறந்தார்னு போட்டிருக்கீங்களே, எங்க தலைவர் என்ன ஆடா, மாடா?”

கேட்டவர் கட்சியின் நகரச் செயலாளர். சட்டையில் கறுப்புத் துணி குத்தியிருந்தார். பின்னால் ஒரு பட்டாளமே நின்றது. காலையில் தலைவர் சிலைக்கு மாலை போட்ட கையோடு நேராக எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டார்கள்.

எல்லாம் ஆறாம் பக்கத்து ‘இதே நாளில்’ பகுதியால் வந்த வினை. இதே தேதியில் வெவ்வேறு வருடங்களில் மறைந்த ஆட்சியாளர்களை அதில் வரிசையாகப் போடுவோம். அன்றைக்கு ஒரு சக்கரவர்த்தி, ஒரு மகாராணி, இரண்டு பிரதமர்கள், கடைசியாக எங்கள் நகரத்தின் பழைய மேயர். அந்த மேயர்தான் இவர்களுடைய தலைவர்.

பகுதியை எழுதுவது கத்தரி. துணை ஆசிரியை. வேலைக்காக அம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து குடியேறியவள். நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் அடைமொழியைக் கண்டால் வெட்டாமல் விடமாட்டாள் என்பதால் அலுவலகம் முழுக்க இந்தப் பெயர்தான். நான் ஆசை ஆசையாய் எழுதிய எத்தனையோ ‘மாபெரும்’கள் அவள் பேனாவில் உயிரை விட்டிருக்கின்றன.

செயலாளர் பேப்பரை அவள் மேஜையில் விரித்து, ‘அமரரானார்’ என்றாவது போட்டிருக்க வேண்டாமா என்றார். ‘இயற்கையோடு கலந்தார்’ இன்னும் எடுப்பாக இருக்கும் என்றார் பின்னாலிருந்த ஒருவர். இல்லை, ‘புகழுடம்பு எய்தினார்’தான் பொருத்தம் என்று இன்னொருத்தர் கிளம்ப, அவர்களுக்குள்ளேயே ஒரு பட்டிமன்றம் நடக்கும் போலிருந்தது.

கத்தரி அசையவில்லை. இந்தப் பகுதியில் எல்லாருக்கும் அந்த ஒரே வார்த்தைதான், சக்கரவர்த்திக்கும் அதையேதான் போட்டிருக்கிறேன், பாருங்கள் என்றாள்.

“சக்கரவர்த்தி கிடக்கட்டும்மா. அவருக்காகச் சண்டை போட இங்க யார் இருக்கா? எங்க தலைவருக்கு நாங்க இருக்கோம்.”

சத்தம் கேட்டு ஆசிரியர் தன் அறையிலிருந்து வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் கூட்டத்தைக் கண்டால் கை கால் உதறும். நாளைக்கே ஒரு திருத்தம் போட்டுவிடலாம் என்று மளமளவென்று வாக்குக் கொடுத்தார். ‘இறந்தார் என்பதை அமரரானார் என்று திருத்தி வாசிக்கவும். பிழைக்கு வருந்துகிறேன்.’ கீழே கத்தரியின் பெயர்.

அவள் முடியாது என்றாள். பிழை இருந்தால் வருந்தலாம், இதில் எங்கே பிழை என்றாள்.

ஆசிரியரின் முகம் சுண்டிப் போனது. பெயர் போடச் சம்மதிக்காவிட்டால் இன்றோடு ‘இதே நாளில்’ வேறு ஆள் கைக்குப் போகும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அந்தப் பகுதி என்றால் கத்தரிக்கு உயிர். லீவு நாளில்கூட வந்து உட்கார்ந்து பழைய தேதிகளைச் சரிபார்ப்பவள். எனக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து அவள் காதில், ஒரு வார்த்தைதானே, போட்டுத் தொலையேன், எதற்கு இந்த வறட்டுப் பிடிவாதம் என்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செயலாளர் இப்போது குரலைத் தணித்தார். கொண்டுவந்திருந்த பெரிய படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். திருத்தத்தோடு இதையும் போட வேண்டுமாம். படத்தில் தலைவரின் தோளில் ஒரு பெண் குழந்தை, அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கித் தான் மாட்டிக்கொண்டு சிரிக்கிறது. ‘ஏழைத் தொண்டரின் குழந்தையோடு நம் தலைவர்’ என்று கீழே அச்சடித்திருந்தார்கள். வருஷா வருஷம் சுவரொட்டியில் வரும் படம்தான்.

“அவருக்குன்னு ஒரு குடும்பம் இருந்துச்சும்மா. அவர் போனதும் ஊரை விட்டுப் போனவங்க, ஒரு நினைவு நாளுக்குக்கூட மேடைப்பக்கம் எட்டிப் பார்த்ததில்ல. நாங்கதான் அவருக்குப் பிள்ளைங்க. அந்த உரிமையில கேக்கறோம்.”

கத்தரி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாடா, இறங்கி வருகிறாள் என்று நினைத்தேன்.

“மேயரா இருந்தப்பவே அவர் தன்னை மாண்புமிகுன்னு யாரையும் கூப்பிட விட்டதில்ல சார்,” என்றாள். “பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கன்னுதான் சொல்வார்.”

செயலாளருக்குச் சுருக்கென்றது. ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது.

“எங்க தலைவரைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா? நாளைக்கு உங்க அப்பாவுக்கும் இப்படித்தான் இறந்தார்னு எழுதுவியா?”

ஆசிரியரே திடுக்கிட்டுப் போனார்.

கத்தரி பேனாவைத் திறந்தாள். படத்தின் கீழே ‘ஏழைத் தொண்டரின் குழந்தையோடு’ என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே ‘மகளோடு’ என்று எழுதினாள். பக்கத்திலிருந்த ‘நம் தலைவர்’ மட்டும் ஏனோ தப்பித்தது.

பிறகு எழுந்து நின்று படத்தைச் செயலாளரிடம் நீட்டினாள்.

“எழுதிட்டேனே சார். ஒரு சக்கரவர்த்திக்கும் எங்க அப்பாவுக்கும் ஒரே வார்த்தைன்னு இன்னிக்குக் காலையில ஊரே படிச்சிருக்கு. அதையா திருத்தச் சொல்றீங்க?”